தாயைப் பார்க்காமல் வாங்கினோம்

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகும்போது நாம் முதலில் கேட்பது நிறத்தைத்தான். "சுத்த வெள்ளையாண்ணே? மூக்கு ரோஸா இருக்கா?" அடுத்து விலை. அதற்கடுத்து, எப்போது தூக்கிக்கொண்டு போகலாம் என்பது. குட்டிக்குக் காது கேட்கிறதா என்று நாம் கேட்டதில்லை. தாய் எங்கே, இது அதற்கு எத்தனையாவது ஈத்து என்றும் கேட்டதில்லை. காசுக்காக எதையும் செய்கிறார்கள் என்று பிரீடர்களைத் திட்டுகிறோம். அந்தக் காசு நம்முடையது. நாம் எதைக் கேட்டு வாங்கினோமோ அதைத்தான் அவர்கள் பெருக்கினார்கள்.

ராஜபாளையத்தின் வெள்ளைக்கும் காது கேளாமைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உடலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் பிழைத்திருக்க அவற்றின் துணை வேண்டும். நிறமில்லாமல் பிறக்கும் குட்டிகளில் சிலவற்றுக்கு உள்காதிலும் அந்தச் செல்கள் இருப்பதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். மருந்தாலும் மீட்க முடியாது. டால்மேஷியன் நாய்களிலும் இதே குறை உண்டு. ராஜபாளையத்தில் காதோரம் பழுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டிகளும் உண்டு. அவற்றைக் "கலப்பு" என்று நாம் தள்ளிவிட்டோம். விலைபோகாத குட்டியை யார் வளர்ப்பார்கள்? வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அக்கம்பக்கத்தில் வேறு நல்ல நாய் கிடைக்காதபோது அண்ணன் தங்கையையே சேர்த்தார்கள்.

காது கேளாத குட்டியைக் கூட்டத்தில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தட்டுச் சத்தம் கேட்டு மற்றவை ஓடும். அவை ஓடுவதைக் கண்டு இதுவும் ஓடும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தனியே பிரித்து, அது அசந்து தூங்கும்போது, தரை அதிராமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். காது அசையவில்லை, கண்ணும் விழிக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையிலும் தப்பிவிடும். மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவியால்தான் அதைக் கண்டறிய முடியும். அப்படித் தப்பிய குட்டி வளர்ந்து ஈனும்போது குறை அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

சாவியைக் குலுக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நாம் செலவிடவில்லை. வீட்டுக்கு வந்த குட்டி கூப்பிட்டால் திரும்பவில்லை. "திமிர் பிடிச்ச நாய்" என்று அடித்தோம். தூக்கத்தில் தொட்டதும் திடுக்கிட்டுக் கடித்தது, சங்கிலியில் கட்டினோம். பிறகு அதைப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டோம் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். எந்தப் பண்ணை என்று பிள்ளைகள் கேட்டபோது பேச்சை மாற்றினோம்.

2005-ல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னார். நாட்டு நாய் வாங்குவது பெருமை என்ற எண்ணம் வலுத்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பெருமையோடு பொறுப்பு சேரவில்லை. வேட்டைக்கும் காவலுக்கும் பரந்த நிலத்தில் ஓடிய நாயை அடுக்குமாடியின் பால்கனியில் அடைத்தோம்.

2017-ல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அதன்படி பிரீடர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொன்னோம்? "சின்னதா எடுத்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்று முப்பது நாள் குட்டியைக் கேட்டு வாங்கியவர்கள் நாம்தான். கடித்து விளையாடும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும்தான். அந்த வாரங்களை அதனிடமிருந்து பறித்துவிட்டு, வளர்ந்தபின் கடிக்கிறது என்று குறைபட்டுக்கொள்கிறோம். தடுப்பூசி போட்டு முடிக்காத குட்டியைக் கண்ட இடத்தில் வாங்கி, பார்வோ வைரஸ் தாக்கி ரத்தப் பேதியில் அது துடிக்கும்போது மருத்துவமனைக்கு ஓடுகிறோம்.

வெளிநாட்டு இனங்களின் கதையும் வேறல்ல. ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாயைப் பார்த்து வீட்டுக்கு வீடு பக் வாங்கினோம். அந்தச் சப்பை மூக்கால் சித்திரை வெயிலில் மூச்சுவிட முடியுமா என்று யோசிக்கவில்லை. பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் முதலியவற்றின் இனப்பெருக்கத்துக்கு 2024-ல் தமிழக அரசின் கொள்கை தடை போடும் அளவுக்கு நிலைமை போனது. லேப்ரடாரில் "டபுள் போன்" என்றால் கூடுதல் விலை கொடுத்தோம். அப்படி ஓர் இனமே கிடையாது. லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் இடுப்பு மூட்டு நோய்க்கு ஆளாகக் கூடியவை. தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்க வேண்டிய நாம், எலும்பின் பருமனை அளந்துகொண்டிருந்தோம்.

"பேப்பர் இருக்கு" என்றதும் நாம் அடங்கிவிடுவதும் ஒரு பிழை. கென்னல் கிளப் சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும். உடல்நலத்துக்கு அது உத்தரவாதமல்ல.

பொறுப்பான பிரீடர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் கேள்வி நம் பக்கம் திரும்பும். சொந்த வீடா, வாடகையா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? இதற்குமுன் வளர்த்த நாய் என்னவாயிற்று? குட்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். வளர்க்க முடியாமல் போனால் வேறு யாரிடமும் தள்ளாமல் தங்களிடமே திருப்பித் தரச் சொல்வார்கள். சில சமயம் தர முடியாது என்றும் சொல்லிவிடுவார்கள். இவர்களைத்தான் "ரொம்ப பிகு பண்றார்" என்று ஒதுக்கிவிட்டு, போனில் படம் அனுப்பிப் பேருந்தில் குட்டியை ஏற்றிவிடுகிறவரிடம் போனோம்.

குட்டி வாங்க நினைக்கும் நண்பர்களே, நேரில் போங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். நன்றாகக் காது கேட்கும் ராஜபாளையம் குட்டி ஒன்று காதோரம் பழுப்புத் திட்டோடு இருந்தால், தயங்காமல் அதையே வாங்குங்கள்.