துணியின் மேற்பரப்பும் நெசவாளர் வருவாயும்

தறியிலிருந்து இறக்கிய காஸ் துணியில் ஒரு துண்டைத் தண்ணீரில் இட்டால் அது மிதந்துகொண்டே இருக்கும். பருத்தியின் மேலுள்ள இயற்கை மெழுகு நீரை உள்ளே விடுவதில்லை. காரச் சோடாவில் வேகவைத்து வெளுத்த பின் அதே துண்டு 10 வினாடிக்குள் மூழ்கவேண்டும். மூழ்காததை மருத்துவமனை ஏற்காது. இழையும் நெசவும் மாறவில்லை. மேற்பரப்பு மட்டுமே மாறியது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்வோர் இதனை நன்கு அறிவர். ஆயினும் விலை உயர்வில் பெரும்பங்கு நெய்தவரை விட்டு வெளுப்பவரிடமே சேர்வதைச் சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போதெல்லாம் நாம் காண்கிறோம்.

உடலுக்குள் வைக்கும் துணிக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். 1952இல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்னும் அறுவை மருத்துவர், செயற்கை இழைத் துணியைக் குழாயாக்கி நாய்களின் பெருந்தமனியில் பொருத்திய முடிவுகளை வெளியிட்டார். பின்னர் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டாக்ரான் துணியைத் தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் தைத்துக் குழாய் செய்தார். (நெசவுக் குடும்பத்தார் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.) ஆனால் ஊடும் பாவும் சந்திக்கும் இடைவெளியில் இரத்தம் கசிந்தது. முதலில் நோயாளியின் இரத்தத்தையே தடவி உறையவைத்து அதனை அடைத்தனர். பிற்காலத்தில் ஆலையிலேயே ஜெலட்டின் அல்லது கொலாஜன் பூச்சு இடும் முறை வந்தது.

இத்தகைய பூச்சு நன்கு பற்றுவதற்குப் பிளாஸ்மா முறை உதவுகிறது. காற்றைப் பெரும்பாலும் அகற்றிய கலத்தில் சிறிது வாயுவை விட்டு, உயர் அதிர்வு மின்சாரம் செலுத்தினால் குழல் விளக்கினுள் தோன்றுவது போன்ற ஒளி உண்டாகும். அதிலுள்ள மின்துகள்கள் இழையின் மேல்தோலை மட்டும், ஏறத்தாழ மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு ஆழத்திற்கு மாற்றுகின்றன. அளவறிந்து செய்தால் இழையின் வலிமை கெடாது. நீர் ஒட்டாத பாலியெஸ்டர் நீரை ஏற்கும். ஆய்வகத்தில் உயிரணுக்களை வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டும் இவ்வாறே பதப்படுத்தப்படுகிறது. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தார் அங்கோரா முயல் உரோமத்தின் வழுக்கலைக் குறைத்து நூற்க ஏற்றதாக்கியதும் இம்முறையால்தான்.

ஒன்றை மட்டும் இயந்திரம் விற்க வருவோர் எளிதில் சொல்வதில்லை. இம்மாற்றம் நிலையானதன்று. நாள் செல்லச் செல்ல மேற்பரப்பு பழைய தன்மைக்கே திரும்பத் தொடங்கும். ஆதலால் பதப்படுத்தியதும் தாமதமின்றிப் பூச்சு இடவேண்டும். தீபாவளித் தள்ளுபடிக்காகக் கிடங்கில் அடுக்கி வைக்கும் சரக்கு இதுவன்று.

எனவே தனிச் சங்கம் ஒன்று கடன் பெற்று இவ்வியந்திரத்தை வாங்குவதை நாம் ஆதரிக்கமாட்டோம். உடலுக்குள் வைக்கும் பொருளுக்குரிய தூய அறை, சோதனை, உரிமம் ஆகியவற்றின் செலவு ஒரு தறிக்கூடம் தாங்கக்கூடியதன்று. முதற்படி கட்டுத்துணியே. அண்டைச் சங்கங்கள் பங்கு முதல் சேர்த்து, வெளுப்பதற்கும் கிருமி நீக்குவதற்கும் பொதுக் கூடம் ஒன்று அமைக்கலாம். கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில் மருத்துவத் துணிகளுக்கெனத் தனி மையம் இருக்கிறது. முன்னதாகவே அங்கு மாதிரித் துணி அனுப்பி, வரும் சோதனை அறிக்கையை மகாசபையில் உறுப்பினர் அனைவரும் கேட்கப் படித்தல் வேண்டும். பிளாஸ்மா பற்றிய பேச்சு நிர்வாகக் குழுவின் முன் அதன் பின்னரே வரட்டும்.