கொசுவர்த்தியும் தொட்டில் குழந்தையும்

கோட்டக்குப்பத்தில் சாலையோர வீடுகளில் புழுதிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறார்கள். சாத்திவிட்டுக் கொசுவர்த்தியைக் கொளுத்துகிறார்கள்! இது என்ன நியாயம்?

புழுதியில் பெரும்பகுதி பருமனான தூசி. மூக்கு முடியும் சளியுமே அதைப் பிடித்துக்கொள்ளும். தும்மினால் வெளியே வந்துவிடும். தலைமுடிப் பருமனில் ஏறத்தாழ 30-ல் ஒரு பங்குள்ள தூசிதான் பொல்லாதது. அது மூக்கை ஏமாற்றிவிட்டு, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். கொசுவர்த்திப் புகை இந்த ரகம். ஒரு சுருள் விடும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது.

தாத்தாவின் பீடியைத் திண்ணைக்கு விரட்டுகிற வீட்டிலேயே, தொட்டிலுக்கு அடியில் சுருள் புகைகிறது!

கொசுவலை கட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொஞ்சம் புழுதி வந்தால் வரட்டுமே. காலையில் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.