இரண்டு ஆண்டு, ஒரு பெட்டி, ஒரு துணை

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீடு. மாலை ஐந்து மணி. பகல் ஷிப்டு முடிந்து வந்த தகப்பனார் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பத்திரிகை. ஆனால் கண் பத்திரிகையில் இல்லை.

வீட்டுக்குள் ஓர் அறை. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஒரு வாலிபன். வயது 19. டிப்ளமா படித்தவன். வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனான். நாற்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டான்!

எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, தம்பி வந்திருக்கு போலிருக்கே?"

"ஆமாம்மா. லீவுக்கு வந்திருக்கான்" என்றாள் தாயார்.

அது பொய். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்த மகன் காதிலும் அது விழுந்திருக்கும்.

நாம் அந்த வீட்டுக்கு வேறு காரியமாகப் போயிருந்தோம். இந்த வாரம் எழுத நினைத்திருந்ததும் வேறு விஷயம். 18 வயதில் வீட்டை விட்டுப் புறப்படும் மார்மன் இளைஞர்களைப் பற்றி எழுத நினைத்தோம். எழுத உட்கார்ந்தால், நெய்வேலிப் பையனின் சாத்திய கதவே கண் முன் நின்றது. யோசித்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே விஷயம்தான்!

யார் இவர்கள்?

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், 1830-ம் ஆண்டில், ஜோசப் ஸ்மித் என்பவர் ஒரு கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். 'இயேசு கிறிஸ்துவின் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை' என்பது அதன் பெயர். 'மார்மன் புத்தகம்' என்ற நூலை அவர்கள் வேதமாக மதிப்பதால், ஊரார் அவர்களை மார்மன்கள் என்று அழைத்தார்கள். யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டி நகரம் அவர்களுடைய தலைமை இடம்.

இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாலிப வயது வந்ததும் பையன்கள் இரண்டு ஆண்டு ஊழியத்துக்குப் போகிறார்கள். பெண்களும் போகிறார்கள். அவர்களுக்கு ஒன்றரை ஆண்டு. முன்பு பையன்களுக்கு 19 வயது ஆகவேண்டும், பெண்களுக்கு 21. 2012-ம் ஆண்டில் அதை 18 என்றும் 19 என்றும் குறைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் 70 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இந்தப் பணியில் இருக்கிறார்கள்.

சம்பளம்? ஒரு காசு கிடையாது! வாலிபன் சேர்த்து வைத்த பணம், பெற்றோர் கொடுக்கும் பணம், சபையாரின் உதவி ஆகியவற்றில்தான் காலம் ஓடும்.

எந்த ஊருக்குப் போகிறோம் என்பதையும் அவன் தீர்மானிக்க முடியாது. தலைமை இடத்திலிருந்து உத்தரவு வரும். பிரேசில் என்று இருக்கலாம். ஜப்பான் என்று இருக்கலாம். போகவேண்டும். முதலில் பயிற்சி மையத்தில் சில வாரம் படிப்பு. தெரியாத பாஷையையும் அங்கேதான் கற்கத் தொடங்குவான்.

சென்னைக்கு வந்த மூவர்

நம் நாட்டுக்கு இவர்கள் புதியவர்கள் அல்ல. 1853-ம் ஆண்டிலேயே மூன்று பேர் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறிச் சென்னைப் பட்டணத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்டு பாலன்டைன். ஸ்காட்லாந்தில் பிறந்து, ரொட்டி சுடும் தொழில் செய்தவர். சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849-ல் குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி தொடங்கியவரும் அவரே.

சென்னையில் அவர் ஓர் ஆண்டு இருந்தார். பிரசங்கம் செய்தார். பத்திரிகைகூட அச்சிட்டார். சேர்ந்தவர்களோ மிகச் சிலர். 1854-ல் கப்பல் ஏறிப் போய்விட்டார். கணக்குப் பார்த்தால் தோல்வி. ஆனால் அவரைச் சபையார் தோற்றவர் என்று எழுதி வைக்கவில்லை. இன்றும் பெருமையோடு நினைக்கிறார்கள்.

அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் நம் பக்கம் பேச்சே இல்லை. பிறகு மெல்லத் துளிர்த்தது. 1993-ல் பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு ஒரு பகுதி அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் குர்சரண் சிங் கில். பஞ்சாபில் பிறந்தவர், கணிதப் பேராசிரியர். இன்று இந்தியப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டை போட்டு, மார்பில் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு புறப்படுகிறார்கள்.

அவர்கள் மதம் சரியா தவறா என்று நாம் இங்கே ஆராயப் போவதில்லை. கதவைத் தட்டிச் சொல்ல வருபவனுக்குச் சொல்லும் உரிமை உண்டு. 'வேண்டாம் தம்பி' என்று அனுப்பிவிட வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு. நமக்கு வேண்டியது வேறு. 18 வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போய் எப்படி ஆளாகிறான்? அதைத்தான் பார்க்க வேண்டும்.

காலை முதல் இரவு வரை

காலை ஆறரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அரை மணி தேகப் பயிற்சி. குளியல், சாப்பாடு, படிப்பு. பிறகு தெருவில் இறங்க வேண்டும். வீடு வீடாக நடக்க வேண்டும். இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். ஊருக்கு ஊர் நேரம் சிறிது மாறும். ஒழுங்கு மாறாது.

சினிமா இல்லை. காதல் இல்லை. சிகரெட் இல்லை. மது இல்லை. இவ்வளவோடு போகவில்லை. டீயும் இல்லை, காப்பியும் இல்லை! மார்மன்கள் எல்லோருக்குமே அவை விலக்கு. நெய்வேலி பஜாரில் அப்படி ஒருவன் ஒரு வாரம் இருந்து காட்டட்டும். நாமே மாலை போடுவோம்!

வாரத்தில் ஒரு நாள் சொந்த வேலைக்கு. அன்று துணி துவைக்க வேண்டும். அறையைப் பெருக்க வேண்டும். காய்கறி வாங்க வேண்டும். முடி வெட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

இதில் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அவன் தனியாக இருப்பதில்லை! எப்போதும் இருவராகத்தான் இருக்க வேண்டும். ஓர் அறை, இரண்டு பேர். துணை யார் என்பதையும் அவன் தேர்ந்தெடுக்க முடியாது. சில வாரத்துக்கோ சில மாதத்துக்கோ ஒரு முறை துணை மாறும்.

ஒருவன் குறட்டை விடுவான். ஒருவன் பாத்திரம் கழுவ மாட்டான். ஒருவன் வாய் ஓயாமல் பேசுவான். கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போக முடியாது. பேசித்தான் தீர்க்க வேண்டும். பல பேர் பிற்காலத்தில் சொல்வது இதைத்தான்: 'ஊருக்குப் போதித்தது கொஞ்சம். துணையோடு வாழக் கற்றது அதிகம்.'

இன்னொரு பாடம், 'வேண்டாம்' என்ற சொல். ஒரு நாளில் எத்தனை கதவு சாத்தப்படும்! சிலர் சிரிப்பார்கள். சிலர் திட்டுவார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடியும் எழுந்திருக்க வேண்டும். கல்லூரியில் இந்தப் பாடம் கிடையாது.

அம்மாவின் குரல்

நெடுங்காலம் வரை இவர்கள் வீட்டோடு பேசுவது ஆண்டில் இரண்டே நாள்தான். கிறிஸ்துமஸ் ஒன்று, அன்னையர் தினம் ஒன்று. மற்ற நாளில் கடிதம் மட்டும். வீட்டு ஞாபகம் வந்தால் வேலை கெடும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள்.

2019-ம் ஆண்டு பிப்ரவரியில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். இப்போது வாரம் ஒரு முறை வீட்டாரோடு பேசலாம். முகம் பார்த்தும் பேசலாம். அவ்வளவு கட்டுப்பாடான சபையே இதை ஒப்புக்கொண்டது. தாயின் குரலைக் கேட்டால் பிள்ளை கெட்டுப்போக மாட்டான்!

பாதியில் வந்தவர்கள்

எல்லோரும் இரண்டு ஆண்டை முடிப்பதில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருவனுக்கு மனச்சோர்வு. ஒருத்திக்குத் தூக்கமே வராத பயம். இன்னொருவனுக்கு வேறு காரணம். பாதியில் வீடு திரும்புகிறார்கள்.

அங்கேதான் வேதனை தொடங்குகிறது. முடித்து வந்தவனுக்கு விமான நிலையத்தில் வரவேற்பு. பலூன், பதாகை, கட்டித் தழுவல். பாதியில் வந்தவனுக்கோ? 'ஏன் வந்தாய்?' என்ற பார்வை. யூட்டாவில் உள்ள பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் 2013-ம் ஆண்டு வாக்கில் இப்படித் திரும்பியவர்களை விசாரித்தார். பெரும்பாலோர் சொன்னது, 'நான் தோற்றுவிட்டேன் என்று உணர்ந்தேன்' என்பதே. நோயினால் திரும்பியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்! நோய் வந்தது அவர்கள் குற்றமா?

இப்போது அந்தச் சபையிலேயே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 'திரும்பி வந்த பிள்ளையை அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று பெற்றோருக்குச் சொல்கிறார்கள்.

யூட்டாவில் நடப்பதுதானே நெய்வேலியில் சாத்திய கதவுக்குப் பின்னாலும் நடக்கிறது?

நெய்வேலிக்குத் தெரியாததா?

நெய்வேலி என்பதே ஊரை விட்டு வந்தவர்களின் ஊர். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் கம்பெனி பிறந்தது. 1957-ம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது தமிழ்நாட்டின் நாலா பக்கமிருந்தும், பிற மாநிலங்களிலிருந்தும் வாலிபர்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அதே நேரத்தில் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறு இடம் போன குடும்பங்களும் உண்டு. வந்தவர்களும் சரி, போனவர்களும் சரி, வீட்டை விட்டு நகர்வது என்றால் என்ன என்று அறிந்தவர்கள்.

நிலக்கரியே உடனே கிடைத்துவிட்டதா? இல்லை. மேல் மண்ணை வெட்டி வெட்டி அகற்றினார்கள். கீழே நிலத்தடி நீர் அழுத்திக்கொண்டு நின்றது. இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்தார்கள். 1961-ல்தான் கரி கண்ணில் பட்டது. நாலு வருடம்! அதுவரை 'இது தேறாது' என்று மூட்டை கட்டியிருந்தால், நெய்வேலியில் விளக்கு எரிந்திருக்குமா?

ஒரு சுரங்கத்துக்கு நாலு வருடம் பொறுத்த ஊர், ஒரு பிள்ளைக்கு நாலு மாதம் பொறுக்கக் கூடாதா?

பெற்றோருக்கு நாலு வார்த்தை

மார்மன் வாலிபனுக்கு இருப்பதும், நம் பையனுக்கு இல்லாததும் என்ன? அவனைத் துணையோடு அனுப்புகிறார்கள். நாமோ ஒரு பெட்டியும் 'ஜாக்கிரதையாய் இரு' என்ற ஒரு சொல்லும் கொடுத்து அனுப்புகிறோம். அதனால் சொல்கிறோம்:

ஒன்று: பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடத் தங்க ஒரு சிநேகிதனைத் தேடிக் கொடுங்கள். முடியாவிட்டால், அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டைக் காட்டிவிட்டு வாருங்கள்.

இரண்டு: போவதற்கு முன்பே சோறு வடிக்கவும், துணி துவைக்கவும், கணக்கு எழுதவும் பழக்குங்கள். பையனுக்கும் பழக்குங்கள், பெண்ணுக்கும் பழக்குங்கள். பசியும் அழுக்கும்தான் வாலிபனைப் பாதி விரட்டுகின்றன.

மூன்று: வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள். 'பணம் அனுப்பினாயா?' என்று தொடங்காதீர்கள். 'சாப்பிட்டாயா? தூக்கம் வருகிறதா? யாரோடு பேசினாய்?' என்று கேளுங்கள்.

நான்கு: திரும்பி வந்துவிட்டால் கதவைத் திறந்து விடுங்கள். முதல் நாள் சோறு போடுங்கள். காரணத்தை மறுநாள் கேளுங்கள். உடம்போ மனமோ நலிந்திருந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அக்கம்பக்கத்தாருக்காகப் பொய் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் பொய், 'உன்னால் நமக்கு வெட்கம்' என்று பிள்ளைக்குச் சொல்கிறது.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கஷ்டம் வந்த முதல் வாரமே மூட்டை கட்டாதீர்கள். சாத்திய கதவைப் பார்த்தவன் மறுநாளும் எழுந்திருக்கிறானே, அவனை நினையுங்கள். ஆனால் தாங்க முடியாத நிலை வந்தால், மறைக்காதீர்கள். வீட்டுக்குச் சொல்லுங்கள். சொல்வது கோழைத்தனம் அல்ல.

கதவு திறந்தது

அன்று நாம் விடைபெறும் நேரம். தகப்பனார் எழுந்தார். சாத்திய கதவைத் தட்டினார்.

"வாடா தம்பி, பஜார் வரைக்கும் போயிட்டு வரலாம்."

சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. நாங்கள் மூவரும் நடந்தோம். டீக்கடை வாசலில் தகப்பனாரோடு வேலை செய்பவர் ஒருவர் எதிர்ப்பட்டார்.

"என்னண்ணே, தம்பி எப்ப வந்தாப்ல?"

தகப்பனார் மகனின் தோளில் கையைப் போட்டார்.

"பத்து நாள் ஆச்சுப்பா. அந்த வேலை ஒத்து வரலை. வந்துட்டான். வேற பார்ப்போம்."

அவர் தலையை ஆட்டினார். "அதுக்கென்னண்ணே, என் மவனுக்கும் மொதல் வேலை ஒத்து வரலை" என்றார். பையன் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தான்.

நாலே வாக்கியம். உண்மை வாக்கியம். தாயார் பத்து நாளாகப் பயந்த அந்தப் பேச்சு, ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது!

போகும் பிள்ளைக்குத் துணை வேண்டும். வரும் பிள்ளைக்கும் துணை வேண்டும். அந்தத் துணை முதலில் நம் வீட்டிலேயே இருக்கட்டும்.