அட்டையில் இல்லாத பெயர்கள்

சின்ன வயதில் ஆசையாகக் கேட்ட பாட்டை, ஒரு வாத்தியம் கற்றுக்கொண்ட பிறகு மறுபடி கேட்டிருக்கிறீர்களா? அதே பாட்டுதானா என்று சந்தேகமே வந்துவிடும்.

எங்கள் லயத்து வீட்டில் அண்ணன் வைத்திருந்த கேசட்டில் ஒன்று பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜண்ட் பெப்பர்'. 1967-ல் வெளிவந்த இசைத்தொகுப்பு. பொருள் புரியாவிட்டால் என்ன, கொட்டுச் சத்தம் போதாதா? ஆடித் தீர்த்தோம்.

இன்று கோயில் பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கிறேன். அண்மையில் அதை மீண்டும் கேட்டபோது, இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில் காது நின்றுவிட்டது. ஜார்ஜ் ஹாரிசன் பாடியது. குழுவின் மற்ற மூவரும் அதில் வாசிக்கவே இல்லை! தில்ரூபா, தம்பூரா, தபேலா. நடுவே பாட்டு ஓய்ந்து வாத்தியங்கள் மட்டும் பேசுமிடத்தில் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்து ஐந்தாக வரும். நம் கண்டசாபு கணக்குதான். தில்ரூபா ஒன்று சொல்ல, ஜார்ஜ் மார்ட்டின் அமைத்த மேல்நாட்டு வயலின்கள் பதில் சொல்கின்றன. நம்மவர் போல் வழுக்கி வாசிக்க அவர்கள் படாத பாடு பட்டிருப்பார்கள்.

சரி, அந்தத் தபேலா யாருடைய கை? கேசட் அட்டையில் பெயரே இல்லை. லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள் அவர்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2017-ல்தான் உலகம் பரவலாக அறிந்தது: தபேலா நட்வர் சோனி, தில்ரூபா அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், தம்பூரா புத்ததேவ் கன்சாரா.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இதைப் போட்டால், இந்த நான்கு பெயரையும் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.