மொழிபெயர்ப்பு நிறுவனங்களும் மாநகரக் கடமையும்

வேங்கடத்திற்கு அப்பால் வேற்றுமொழி வழங்கிய நாட்டைச் சங்கச் சான்றோர் 'மொழிபெயர் தேயம்' என்னும் அழகிய தொடரால் குறித்தனர். பொருள் தேடப் பிரிந்த தலைவன் அத்தேயத்தைக் கடந்து செல்வதும், அவனை நினைந்து தலைவி இங்கே வருந்துவதும் பாலைத்திணையில் நாம் பயின்றவை. அன்று மொழி பெயரும் இடத்தை அடையப் பல நாள் நடக்க வேண்டியிருந்தது. இன்றோ சென்னை மாநகரில் ஒரு தெருவைக் கடந்தாலே மொழி பெயர்ந்துவிடுகிறது. திருவல்லிக்கேணியில் உருதும், சௌகார்பேட்டையில் இந்தியும் மார்வாரியும் குஜராத்தியும், நகரின் பல பகுதிகளிலும் தெலுங்கும் நெடுங்காலமாகத் தமிழோடு சேர்ந்தே ஒலித்து வருகின்றன. கட்டடப் பணிக்கும் உணவகப் பணிக்கும் வந்துள்ள தொழிலாளர்களால் வங்காளமும் ஒடியாவும் அசாமியமும் இப்போது அவற்றோடு சேர்ந்துள்ளன. பொருள்வயிற் பிரிந்த தலைவர்கள் இன்று நம் ஊருக்கு வந்திருக்கின்றார்கள்.

இத்தகைய மாநகரில் மொழிபெயர்ப்பு ஒரு தொழிலாக வளர்ந்திருப்பதில் வியப்பில்லை. பிறப்புச் சான்றிதழ் முதல் சொத்துப் பத்திரம் வரை, கல்விச் சான்றிதழ் முதல் வணிக ஒப்பந்தம் வரை அனைத்தையும் மொழிமாற்றித் தரும் நிறுவனங்கள் பெருகியுள்ளன. நம் தமிழ்த்துறை மாணவர் சிலர்க்கும் அவை வாழ்வளிக்கின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் விழுமியங்கள் யாவை என்று கேட்டால், 'விரைவு, துல்லியம், குறைந்த கட்டணம்' என்ற மூன்றோடு விடை முடிந்துவிடுகிறது. இது போதாது என்பதே நம் கருத்து. தான் வாழும் நகரத்திற்கு அந்நிறுவனம் பட்டிருக்கும் கடனையும் அது தன் விழுமியங்களுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

யார் பக்கம் நிற்பது?

'துபாஷி' என்னும் சொல்லை நாம் அறிவோம். இருமொழி அறிந்தவன் என்பது அதன் பொருள். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழ் உரைநடைக்குக் கிடைத்த அரிய செல்வம். ஆயின் துபாஷி என்ற பதவியின் இயல்பு யாது? அவர் கும்பினிக்கும் குடிகளுக்கும் நடுவில் நின்றார். ஊதியமும் செல்வாக்கும் கும்பினியிடமிருந்தே பெற்றார். மொழியறிவு அங்கே அதிகாரத்தின் கருவியாயிற்று. மொழி தெரியாத எளியவன் தன் குறையைச் சொல்ல, அவனுக்கென்று ஒரு துபாஷி இருந்தாரில்லை.

அந்த நிலை இன்று முற்றும் மாறிவிட்டதா? பணம் படைத்த நிறுவனத்திற்கு மொழிபெயர்ப்பாளர் உடனே கிடைக்கிறார். அரசு மருத்துவமனை வாயிலில் நிற்கும் ஒடியாத் தொழிலாளிக்கு அவர் கிடைப்பதில்லை. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் பயிலும் அவருடைய பத்து வயது மகளே அங்கே மொழிபெயர்ப்பாளர். தாயின் நோயை மருத்துவரிடம் அக்குழந்தை சொல்ல வேண்டும். மருத்துவர் கூறும் அச்சந்தரும் செய்தியையும் தாய்க்கு அக்குழந்தையே எடுத்துரைக்க வேண்டும். இது குழந்தையின் தோளில் ஏற்றத்தக்க சுமைதானா?

ஒரு சொல்லின் விலை

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நினைவிழந்த ஓர் இளைஞர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவிலிருந்து குடியேறிய அவருடைய குடும்பத்தார் 'இன்டாக்சிகாதோ' என்றனர். உண்டது ஒவ்வாமல் நோயுற்றான் என்பது அவர்கள் வழக்கில் அச்சொல்லின் பொருள். ஆங்கிலச் சொல்லை ஒத்து ஒலித்தமையால், போதை மருந்தை மிகுதியாக உட்கொண்டவர் என்று மருத்துவர்கள் கருதினர். மூளையில் குருதி கசிந்திருந்தமை உரிய காலத்தில் கண்டறியப்படவில்லை. அவ்விளைஞர் கைகால்கள் செயலிழந்தவராய் உயிர் பிழைத்தார். இருமொழியும் ஓரளவு தெரிந்தவர்கள் அங்கே இருந்தனர். பயின்ற மொழிபெயர்ப்பாளர்தாம் இல்லை.

நீதித்துறையிலும் இத்தகைய படிப்பினைகள் உண்டு. மகாராட்டிரத்தில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட ஒருவர் இந்தி அறிந்தவர்; ஆங்கிலம் அறியாதவர். காவலுக்குரிய காரணங்கள் அவருக்கு ஆங்கிலத்தில் தரப்பட்டன. காவல்துறை அதிகாரி வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்னதே போதும் என்று அரசு வாதிட்டது. 1962இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காது அவரை விடுவித்தது. 1999இல் தமிழகத்து வழக்கொன்றில், தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு ஆங்கில ஆவணம் ஒன்றின் தமிழாக்கம் தரப்படாததால் அவருடைய தடுப்புக்காவலையும் அதே நீதிமன்றம் நீக்கியது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தான் அறிந்த மொழியில் பெறுவது சலுகை அன்று, உரிமை என்பதை இத்தீர்ப்புகள் நிலைநாட்டின. நம் அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் உறுப்பும், அந்தந்த ஆட்சிப்பரப்பில் வழங்கும் எம்மொழியிலும் குறை தீர்க்க வேண்டி முறையிடும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்துள்ளது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொணரும் கையோ மொழிபெயர்ப்பாளரின் கை அன்றோ!

இது பிறமாநிலத்தவர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிடலாகாது. நம் வீடுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் எத்தனை பேர்! சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தில் அரபு வாசகத்தோடு வேற்றுமொழி வாசகமும் இருந்தால் அரபு வாசகமே செல்லும். ஆங்கிலப் படியில் கண்ட ஊதியத்தை நம்பி ஒப்பமிடும் இளைஞர், அரபுப் படியில் எழுதியிருப்பதை அறியாமலே விமானம் ஏறலாம். அவ்வரபு வாசகத்தைப் பயணத்திற்கு முன்பே நேர்மையாகத் தமிழில் எடுத்துரைப்பவர் ஒரு குடும்பத்தின் வாழ்வையே காப்பவராவார். அங்கே நம்மவர் நிலை எதுவோ, அதுவே இங்கே வந்துள்ள வங்காளத் தொழிலாளியின் நிலையும். ஒருவர் துயரை உணர்ந்தோர் மற்றவர் துயரை மறத்தல் தகாது.

விழுமியங்கள் நான்கு

ஆகவே ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திற்கு வேண்டிய விழுமியங்களாக நாம் நான்கினைக் கருதுகிறோம். முதலாவது வாய்மை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவும் இதனுள் அடங்கும். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை மொழிபெயர்த்தவர். பல கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுப் பிழை நீக்கிய பின்னரே அவர் மொழிபெயர்க்கத் தொடங்குவார். ஒரு நூலைத் தேடிச் சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் எகிப்திலும் அலைந்து, டமாஸ்கஸில் ஏறத்தாழப் பாதியை மட்டுமே கண்டதாக அவரே எழுதி வைத்தார். கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டாத அந்த நேர்மையே மொழிபெயர்ப்பாளரின் அணிகலன்.

இரண்டாவது மறை காத்தல். பிறருடைய நோயும் வழக்கும் கடனும் குடும்பச் சிக்கலும் மொழிபெயர்ப்பாளரின் செவிக்கு வருகின்றன. அவை அவர் வாயினின்று வெளிப்படலாகாது. மூன்றாவது நடுநிலை. கட்டணம் தருபவர் எவராயினும் பொருளைக் கூட்டாமலும் குறைக்காமலும் தருதல் வேண்டும். நான்காவது பொறுப்பேற்றல். இன்று கைபேசியே நொடியில் மொழிபெயர்க்கிறது; வழி கேட்கவும் விலை பேசவும் அது பெரிதும் உதவுகிறது. ஆனால் மருந்தின் அளவிலோ வாக்குமூலத்திலோ பிழை நேர்ந்தால் அக்கருவி முன்வந்து விடை கூறாது. 'இது என் மொழிபெயர்ப்பு' என்று ஒப்பமிட்டு நிற்பவர் மனிதரே.

இந்நான்கும் நகரத்தின் எளியவர்க்கும் கிடைத்தால்தான் அவை விழுமியங்கள். கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் கிடைக்குமானால் அவை சரக்கின் தரம் மட்டுமே.

என் செய்யலாம்?

'நிறுவனம் என்பது வணிகம். அறப்பணி அதன் வேலையன்று' என்று சிலர் கூறலாம். ஒரு கேள்வி: பலமொழி பேசுவோர் இந்நகரில் கூடி வாழாவிடில் அந்நிறுவனத்திற்கு வருவாய் ஏது? எவருடைய மொழி வேற்றுமையால் தொழில் நடக்கிறதோ, அவர்களுக்கு உழைப்பில் ஒரு பங்கு அளிப்பது ஈகை அன்று, கடன் தீர்த்தல்.

இது நடவாத கனவும் அன்று. ஆஸ்திரேலியாவில் 1973இல் சிட்னி, மெல்போர்ன் ஆகிய இரு நகரங்களில் அவசரத் தேவைக்கெனத் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையை அரசு தொடங்கியது. இன்று அச்சேவை இரவும் பகலும் நாடு முழுமைக்கும் கிடைக்கிறது. அதன் மொழிகளுள் தமிழும் ஒன்று. அந்நாட்டு அரசு செய்ததை நம் நகரில் சிறிய அளவிலேனும் நாம் தொடங்கலாம்.

ஒவ்வொரு மொழிபெயர்ப்பு நிறுவனமும் திங்களுக்கு ஒரு நாளை ஒதுக்கட்டும். ஊதியப் புகார், மருத்துவக் குறிப்பு, வேலை ஒப்பந்தம் ஆகிய மூன்றையேனும் வறியவர்க்குக் கட்டணமின்றி மொழிபெயர்த்துத் தரட்டும். நம்முடையது போன்ற கல்லூரிகளில் தமிழ்த்துறையும் அரபித்துறையும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கின்றன. அவை இணைந்து, வளைகுடா செல்வோரின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லும் உதவி மையம் ஒன்றை நடத்தலாம். மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் அன்றாடம் பயன்படும் சொற்களுக்குத் தமிழ், வங்காளம், ஒடியா, இந்தி ஆகிய மொழிகளில் கையேடு ஒன்றை ஆசிரியர்கள் தொகுக்கலாம். மாணவர்கள் அம்மையத்தில் பயிற்சி பெறலாம். ஆனால் பயிற்சி முடியாத மாணவரை அறுவை சிகிச்சை ஒப்புதலுக்கோ நீதிமன்றத்திற்கோ அனுப்புதல் கூடாது. ஆர்வம் பயிற்சிக்கு ஈடாகாது என்பதை ஃபுளோரிடா நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

சமுதாயப் பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். வறியவர்க்கு இலவசம் என்பதால் மொழிபெயர்ப்பாளரும் ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்பதில்லை. பக்தாதில் பனூ மூஸா சகோதரர் மூவர் ஹுனைன் முதலிய மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தம் செல்வத்திலிருந்து திங்கள்தோறும் பொருள் வழங்கினர் என்று பழைய நூல்கள் குறிக்கின்றன. அக்கொடை இல்லையேல் அந்நூல்களுட் பல அரபு மொழியை அடைந்திரா. கல்விக்கும் மருத்துவத்திற்கும் வாரி வழங்கும் நம் பெரியோர், ஏழையின் சொல் உரிய செவியைச் சென்றடைவதற்கும் ஒரு பங்கினை ஒதுக்குவாராக.

மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். நூலுக்கு அளித்த அம்மதிப்பை மனிதனின் முறையீட்டுக்கும் நாம் அளிக்க வேண்டிய காலம் இது. மருத்துவர் முன் நிற்கும் தாய்க்காக அவள் மகள் மொழிபெயர்க்க வேண்டாத நிலை என்று வருகிறதோ, அன்றே இது பலமொழியாளரின் மாநகர் என்று நாம் பெருமை கொள்ளலாம். அந்நாளுக்கான முதல் மேசையையும் நாற்காலியையும் நம் கல்லூரி வளாகத்திலேயே இட்டு வைப்போமாக!