காணாமல் போகாத கோப்புகள்

விண்டோஸில் பாஸ்வேர்டு கொடுத்ததும், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அந்தப் பயனரின் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கும் என்டியூசர்.டாட் என்ற மறைகோப்பு திறக்கப்படுகிறது. டெஸ்க்டாப் படம் முதல் மென்பொருள்களில் செய்த அமைப்புகள் வரை பலவும் அதில்தான் பதிவாகியிருக்கும். கரண்ட் போவதாலோ ஹார்டு டிஸ்க் தேய்வதாலோ அது கெட்டால், கணினி உள்ளே விட மறுக்கும். அல்லது ஒரு தற்காலிக புரொஃபைலைக் கொடுத்து வெறும் டெஸ்க்டாப்பைக் காட்டும்.

வெறும் டெஸ்க்டாப்பைப் பார்த்துப் பதறி, ஃபார்மட் செய்யச் சம்மதித்துவிடுபவர்கள் உண்டு. வருடக்கணக்கில் சேர்த்த குடும்பப் படங்கள் அப்போதுதான் உண்மையிலேயே போகின்றன. அதுவரை அவை பெரும்பாலும் பழைய ஃபோல்டரிலேயே பத்திரமாக இருக்கும். தற்காலிக புரொஃபைலில் மட்டும் எதையும் சேமிக்கக் கூடாது. வெளியேறியதும் அது அழிந்துவிடும்.

முதலில் ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஆன்டிவைரஸ் போன்ற ஒன்று கோப்பைப் பிடித்து வைத்திருந்தால் அதுவே போதும். சரியாகாவிட்டால், வேறொரு அட்மின் கணக்கில் நுழைந்து கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி. அதற்கும் ஒரு பேக்கப் எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். புரொஃபைல்லிஸ்ட் என்ற பகுதியில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரே நீண்ட எண் இரண்டு முறை இருக்கிறதா, ஒன்றின் முடிவில் .பேக் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், .பேக் உள்ளதுதான் அசல். மற்றதன் பெயரை மாற்றிவிட்டு, அசலிலிருந்து .பேக் என்பதை நீக்கி, அதிலுள்ள ஸ்டேட், ரெஃப்கவுன்ட் இரண்டையும் 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் பழைய டெஸ்க்டாப் திரும்பக்கூடும்.

என்டியூசர்.டாட் கோப்பே சிதைந்திருந்தால் இது பலிக்காது. புதிய கணக்கு தொடங்கி, என்டியூசர் என்று தொடங்கும் கோப்புகளைத் தவிர்த்து மற்றவற்றை அதற்கு மாற்ற வேண்டும். பல பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகள் இப்படி வந்து சேராது. அவற்றின் பூட்டு பழைய கணக்கோடு பிணைந்தது. அதனால் பழைய கணக்கை அவசரப்பட்டு நீக்கக் கூடாது. கடைசியாக, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஓட்டிப் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் பழுது தெரிந்தால், அதை மாற்றும்வரை புதிய புரொஃபைலும் நிலைக்காமல் போகலாம்.