மலிவு விமானமும் மாத்தளையும்

மன்னார்க் காட்டுவழி நடந்து மாத்தளைக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் நாம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பிரிந்த உறவினர் தமிழகத்திற் பரந்து வாழ்கின்றனர். அவர்களைக் காண விழைவோர்க்கு விமானக் கட்டணம் வெறும் வணிகச் செய்தியன்று.

பெயரால் மட்டும் மலிவு வந்துவிடாது. 2007இல் அரசு தொடங்கிய மலிவு விமானச் சேவையாகிய மிஹின் லங்கா பெருநட்டமுற்று 2016இல் ஓய்ந்தது. அந்நட்டத்தை விமானமே ஏறாத கொழுந்து பறிக்கும் பெண்ணும் வரியாகச் சுமந்தாள் என்பேன். போட்டியே கட்டணத்தை இறக்கவல்லது. சென்னை–யாழ்ப்பாண வழியில் அலையன்ஸ் ஏர் தனித்துப் பறந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் புகுந்தது. ஒருவர் கேட்கும் விலையை மற்றவர் விலையோடு ஒப்பிடும் வாய்ப்பு அவ்வழிப் பயணிக்கு அப்போதுதான் பிறந்தது.

எனினும் இத்தகைய சேவைகளிற் பொதிக்கும் உணவுக்கும் பெரும்பாலும் தனிக்கட்டணம் உண்டு. நாமோ உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதவர்கள்!